பாய்லரில் எந்த வால்வும் சரி என்பது தவறு

"ரிலீஃப் வால்வும் சேஃப்டி வால்வும் ஒன்றுதான், கம்பெனிக்கு ஒரு பேர், பாய்லரில் எதை மாட்டினாலும் சரி" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை நம்பி யாரும் வால்வை மாற்றிவிடாதீர்கள்.

இரண்டும் அளவுக்கு மீறிய அழுத்தத்தை வெளியேற்றத்தான். ஆனால் ரிலீஃப் வால்வு பெரும்பாலும் திரவத்துக்கு. பம்ப் லைனில் செட் பிரஷரை, அதாவது வால்வு திறக்க முன்பே குறித்து வைத்த அழுத்தத்தை, தாண்டியதும் மெல்லத் திறக்கும். அழுத்தம் ஏற ஏறத் திறப்பும் கூடும். தண்ணீரோ எண்ணெயோ கொஞ்சம் வெளியேறினாலே அழுத்தம் இறங்கிவிடும், அதனால் அது போதும். நீராவி அப்படியில்லை. அமுங்கிக் கிடப்பது விரிந்துகொண்டே வரும்; அழுத்தம் குறையக் குறைய உள்ளே இருக்கும் கொதிநீரும் ஆவியாகும். அதனால்தான் சேஃப்டி வால்வு 'படார்' என்று முழுதாகத் திறக்கிறது. வால்வின் வாயை மூடியிருக்கும் டிஸ்க் லேசாக எழும்பியதுமே ஆவி இன்னும் அகலமான பரப்பில் மோதி அதைத் தூக்கிவிடும். செட் பிரஷருக்குச் சற்றுக் கீழே இறங்கிய பிறகுதான் மூடும். அந்த இடைவெளிதான் புளோடவுன்.

1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில் ஒரே பிரஷரைசரில் (உலை நீரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கலத்தில்) இரண்டு வகையும் இருந்தன. மூடாமல் சிக்கிக்கொண்டது பைலட் (சிறு துணை வால்வால் இயங்கும்) ரிலீஃப் வால்வு. அந்த லைனையே மூடிவிடும் அடைப்பு வால்வு ஒன்று இருந்ததால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்தாவது கசிவை நிறுத்தினார்கள். பாய்லர் சேஃப்டி வால்வுக்கு முன்னால் அப்படி எதையும் வைக்கவே கூடாது; அது மூடிக் கிடந்தால் ஆவி சேஃப்டி வால்வையே எட்டாது.

திரவம், ஆவி இரண்டுக்கும் பயன்படும் சேஃப்டி ரிலீஃப் வால்வும் உண்டு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். மாட்டுவதற்கு முன் நேம் பிளேட்டில் ஸ்டீமுக்கான கொள்ளளவு பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.