ஐஸ் ஹவுஸில் ஐஸ் தயாரிக்கவில்லை

"மெரினா விவேகானந்தர் இல்லம் வெள்ளைக்காரன் நடத்திய ஐஸ் ஃபேக்டரி, அதை இடித்துவிட்டு விவேகானந்தருக்காக வீடு கட்டினார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

ஐஸ் ஹவுஸ் என்பது அந்தக் கட்டடத்தின் பழைய பெயர்தான்; அங்கே ஒரு கட்டி ஐஸ்கூடத் தயாரித்ததில்லை. அது வெறும் கிடங்கு. 1842-இல் கட்டியது, பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடருக்காக. அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்ததும் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூள் போட்டுப் பொதிந்து கப்பலேற்றுவார்கள். வந்து சேர நாலு மாசம் ஆகும். 1833-இல் கல்கத்தாவுக்குப் போன அவருடைய முதல் கப்பலில் ஏற்றியது சுமார் 180 டன், கரை சேர்ந்தது ஏறக்குறைய 100 டன். மிச்சம் வழியிலேயே தண்ணீர்! அப்படியும் அந்த வியாபாரத்தில் லாபம் இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. அப்புறம் வக்கீல் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கினார். இடிக்கவில்லை; கிடங்கையே வீடாக மாற்றி, 'காசில் கெர்னன்' என்று பெயர் வைத்தார். மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் அங்கே தங்கியது ஒன்பது நாள்தான், அதுவும் விருந்தாளியாக.

பிறகு சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளுக்கான விடுதியை நடத்தியதும் இதே கட்டடத்தில்தான். அதை ஏனோ யாரும் சொல்வதில்லை. 'விவேகானந்தர் இல்லம்' என்ற பெயர் 1963-இல், அவருடைய நூற்றாண்டின்போது வந்தது. அங்குள்ள விவேகானந்தர் கண்காட்சி அதற்கும் வெகுகாலம் கழித்து, ராமகிருஷ்ண மடத்திடம் கட்டடம் வந்த பிறகு வைத்தது.