நிலம் யார் பேர்ல இருந்துச்சுன்னு முதல்ல கேளுங்க

"உழைச்சுக்கிட்டே படிக்கிற பள்ளிக்கூடம்"னு யாராச்சும் சொன்னா போதும், நம்மாளுங்களுக்கு ஒரு மயக்கம் வந்துடுது. காலைல வயல்ல வேலை, அப்புறம் லத்தீன், கிரேக்கம், சாயந்திரம் பட்டறைல தச்சு வேலை, ஃபீஸ் கிடையாது, ஏழைப் பையனும் பட்டம் வாங்கலாம், உடம்பும் நல்லாருக்கும் புத்தியும் நல்லாருக்கும். 1820கள், 30கள்ல அமெரிக்காவுல இதுக்கு பெரிய கிரேஸ் இருந்துச்சு, மேனுவல் லேபர் ஸ்கூல்னு பேரு, அதுவும் அப்ப மேற்கு எல்லையா இருந்த ஒஹாயோ, இல்லினாய், மிசௌரி பக்கம் ஆளாளுக்கு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. இதப் பத்தி கொஞ்ச நாளா விடாம படிச்சுட்டு இருக்கேன். என் கருத்த முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் சண்டைக்கு வாங்க. இந்தப் பள்ளிகள்ல உழைப்புங்கிறது வாசல்ல மாட்டின பேரு, சோறு போட்டது நிலம். அந்த நிலம் யார் பேர்ல இருந்துச்சு, டிரஸ்டி போர்டுல யார் உக்காந்தாங்க, இந்த ரெண்டையும் கேக்காம "உழைப்பின் மகத்துவம்"னு பேசறது வெட்டிப் பேச்சு.

ஆரம்பிச்சு வச்சவரு ஜார்ஜ் வாஷிங்டன் கேல்னு ஒரு பிரெஸ்பிட்டேரியன் பாதிரியார். நியூயார்க் மாநிலத்துல ஆடம்ஸ்ங்கிற ஊர்ல சபை நடத்திட்டு இருந்தாரு, உடம்பு கெட்டுப் போயி வேலைய விட்டுட்டு ஒரு பண்ணைல போய் உக்காந்தாரு. அங்க சில பசங்கள சேத்துக்கிட்டு, நீங்க தினம் சில மணி நேரம் என் நிலத்துல வேலை பாருங்க, நான் பாடம் சொல்லித் தரேன்னு ஒரு ஏற்பாடு. உக்காந்தே படிக்கிற பாதிரிப் பசங்களுக்கு அஜீரணமும் சோகையும் வந்து பாதில சாகறாங்கங்கிறது அந்தக் காலத்துல பெரிய கவலை, அதுக்கு இவரு கண்ட மருந்து மண்வெட்டி. 1827ல வைட்ஸ்பரோவுல ஒனைடா இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சாரு. அங்க படிச்ச தியோடர் வெல்ட்ங்கிற பையன் பின்னாடி இதுக்குன்னே 1831ல ஆரம்பிச்ச ஒரு சங்கத்துக்கு ஏஜென்ட்டாகி நாடு பூரா சுத்திப் பிரசாரம் பண்ணாரு, பணம் குடுத்தது டாப்பன் பிரதர்ஸ், நியூயார்க்ல பட்டு வியாபாரம் பண்ண பெரிய கை.

சரி, ஆனா எனக்கு சுவாரஸ்யமே கேல் அடுத்து போட்ட கணக்குதான். இல்லினாய்ல அரசாங்க நிலம் ஏக்கர் 1.25 டாலர். ஒனைடா பக்கத்து பக்திமான்கள் கிட்ட சந்தா வசூல் பண்ணி, ஒரே வளைப்பா 10,000 ஏக்கருக்கு மேல வாங்கிடறது. நடுவுல காலேஜுக்கும் ஊருக்கும் இடம் விட்டுட்டு, மிச்சத்த குடியேற வர்றவங்களுக்கு சராசரியா ஏக்கர் 5 டாலருக்கு விக்கிறது. 80 ஏக்கர் ஒரு பண்ணைன்னு வச்சுக்குங்க. வாங்கின விலை 100 டாலர், விக்கிற விலை 400. நடுவுல நிக்கிற 300 டாலர் காலேஜுக்கு. வாங்கறவனுக்கு என்ன லாபம்னா, அந்த 80 ஏக்கர் கூடவே 25 வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு இலவசப் படிப்பு. காலேஜ் வந்தா நில விலை ஏறும், விலை ஏறுனா இன்னும் ஆள் வருவான், ஆள் வந்தா காலேஜ் நிக்கும். இன்னிக்கு புறநகர்ல பிளாட் போடறவன் "இன்டர்நேஷனல் ஸ்கூல் அருகில்"னு போர்டு வைக்கிறான்ல, அதே மூளை. ஒரே வித்தியாசம், இவங்க ஸ்கூல நெஜமாவே கட்டினாங்க. ஊர் கேல்ஸ்பர்க், அவரு பேரேதான். 1837 பிப்ரவரில மாநிலம் சார்ட்டர், அதாவது காலேஜ் நடத்த அனுமதிப் பத்திரம் குடுத்துச்சு, நாக்ஸ் மேனுவல் லேபர் காலேஜ்.

இதுல எனக்கு உண்மையாவே மரியாதை இருக்கு, கிண்டல் பண்றேன்னு நெனைக்காதீங்க. கட்டடம் ஒண்ணும் இல்லாத புல்வெளிக்கு குடும்பம் குடும்பமா 1836ல கெளம்பினாங்க, ஒரு கோஷ்டி கால்வாய் படகு ஒண்ண விலைக்கு வாங்கி அதுலயே ஆறு ஆறா மாறி வந்து சேந்துச்சு, வழில குளிர்காய்ச்சல், வந்து சேந்த கொஞ்ச நாள்ல சில பேர் செத்தே போனாங்க. மரக்கட்டை வீடுகள் போட்டு இருந்த அந்த முதல் குடியிருப்புக்கு லாக் சிட்டின்னே பேரு. ஊர்ல சாராயம் விக்கக் கூடாதுன்னு நிலப் பத்திரத்துலயே ஷரத்து போட்டவங்க. அடிமை முறைய எதுத்தவங்க, தப்பி வர்ற கறுப்பர்களுக்கு ஒளிஞ்சுக்க இடம் குடுத்தவங்க. கெட்டவங்கன்னு யாரும் சொல்ல முடியாது.

ஆனா அந்த 1.25 டாலர் எப்படி வந்துச்சு? ஏக்கர் 1.25க்கு அரசாங்கம் விக்கணும்னா அதுக்கு முன்னாடி யார்கிட்டயோ இருந்து அத எடுத்திருக்கணும்ல. இல்லினாய்ல சாக்ங்கிற பழங்குடி மக்களோட தலைவர் பிளாக் ஹாக்க துரத்தித் துரத்தி அடிச்ச போர் 1832ல. கேலோட ஆளுங்க நிலம் பாக்க வந்தது மூணே வருஷம் கழிச்சு 1835ல. அந்தப் போர் முடிஞ்சதுனாலதான் குடியேறிகள் பயமில்லாம அந்தப் பக்கம் கொட்டுனாங்க. காலேஜோட மூலதனம்னு நான் சொன்ன அந்த 300 டாலர்ல இதுவும் சேத்திதான், எந்தக் கணக்குப் புஸ்தகத்துலயும் எழுத மாட்டாங்க.

உழைப்பு என்னாச்சுன்னு கேப்பீங்க. எல்லா எடத்துலயும் ஏறக்குறைய ஒரே கதைதான், புஸ்ஸுனு போச்சு. யோசிச்சுப் பாருங்க, 17 வயசுப் பையன் தினம் மூணு மணி நேரம் வயல்ல நிக்கிறான், வேலை கத்துக்கிட்டு கை திருந்தறதுக்குள்ள டெர்ம் முடியுது. மேற்பார்வைக்கு சம்பளம் குடுத்து ஒரு ஆள் வேணும். கருவி உடையுது, மாடு வாங்கணும், நல்லாப் பயிர் செஞ்சவன் சொந்தமாவே பயிர் செய்யப் போயிடறான். குளிர்காலத்துல வயல் வேலையே கிடையாது, பட்டறைல செஞ்ச பெட்டிய வாங்க எல்லையோர ஊர்ல எத்தன பேர் இருப்பான்? போதாக்குறைக்கு 1837ல நாடு பூரா பேங்க் விழுந்துச்சு, டாப்பன் கம்பெனியே படுத்துருச்சு. ஒஹாயோல இருந்த ஓபர்லின் காலேஜ்ல ஆரம்பத்துல தினம் நாலு மணி நேரம் கட்டாய வேலை, பட்டுப்பூச்சி வளக்கலாம்னு முசுக்கொட்டை மரம்கூட வச்சுப் பாத்தாங்க, தேறல. நாக்ஸ் 1857ல பேர்ல இருந்த "மேனுவல் லேபர்"அ எடுத்தே போட்டுச்சு. எடுத்ததுக்கு காலேஜ் ஒண்ணும் சாஞ்சு போகல, ஏன்னா அது நின்னது அதுமேல இல்ல.

ஓபர்லின்னு சொன்னதும் அந்தப் பொண்ணுங்க விஷயத்த சொல்லாம விட முடியல. ஆண் பெண் சேந்து படிக்கலாம்னு கதவத் தொறந்தாங்க, 1841ல மூணு பொண்ணுங்க பட்டம் வாங்கினாங்க, பெரிய சங்கதிதான், ஒத்துக்கறேன். ஆனா உழைப்புல பசங்களுக்கு வயலும் மில்லும், பொண்ணுங்களுக்கு பசங்களோட துணியத் தொவைக்கிறது, தைக்கிறது, சமைக்கிறது, மணிக்கூலியும் கம்மி. வீட்ல நடக்கறத அப்படியே எடுத்து சிலபஸ்ல வச்சுட்டாங்க.

இப்ப நிர்வாகம். எனக்கு இதுல பிடிச்ச எபிசோடு லேன் செமினரிதான். சின்சினாட்டில இருந்த இன்னொரு மேனுவல் லேபர் கல்லூரி, தலைவர் லைமன் பீச்சர். 1834 பிப்ரவரில மாணவர்கள் 18 ராத்திரி தொடர்ந்து அடிமை முறையப் பத்தி விவாதம் நடத்தினாங்க, வெல்ட்தான் முன்னால நின்னாரு, தெற்குல இருந்து வந்த பசங்க சில பேரே எழுந்திரிச்சு கண்ணால பாத்தத சொன்னாங்க. விவாதத்தோட நிக்காம ஊர்ல இருந்த கறுப்பர்களுக்கு ஸ்கூல் நடத்த, கூடப் பழக ஆரம்பிச்சாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் கென்டக்கி, அடிமை மாநிலம், டிரஸ்டிகள் பலபேர் வியாபாரிங்க. பீச்சர் வெளியூர் போயிருந்த நேரம் பாத்து கமிட்டி கூடி, இனிமே அந்த மாதிரி சங்கமும் கூடாது பேச்சும் கூடாதுன்னு தீர்மானம் போட்டுருச்சு. பசங்க என்ன பண்ணாங்க தெரியுமா, கூண்டோட வெளியேறிட்டாங்க. போர்டுல எதுத்து நின்ன டிரஸ்டி ஏசா மஹன், அவரும் வெளிய வந்தாரு.

ஒஹாயோ காட்டுக்குள்ள காசில்லாம தத்தளிச்சுட்டு இருந்த ஓபர்லினுக்கு அடிச்சது யோகம். இந்தப் பசங்க வர்றாங்க, மஹன் தலைவரா வர்றாரு, பேர் போன பிரசங்கியார் சார்லஸ் ஃபின்னி பேராசிரியரா வர்றாரு, டாப்பன் பணம் வருது, ஆனா கண்டிஷன் இருக்கு. கறுப்பு மாணவர்களச் சேக்கணும், அன்றாட நிர்வாகத்துல டிரஸ்டி மூக்க நுழைக்கக் கூடாது, அது ஆசிரியர்கள் கைல. லேன்ல பட்ட சூட்டுக்கு அப்புறம் எவ்ளோ தெளிவா கேட்டிருக்காங்க பாருங்க. 1835 பிப்ரவரில ஓபர்லின ஆரம்பிச்ச ஷிப்பர்ட் பாதிரியார் வீட்ல டிரஸ்டிகள் கூடுறாங்க, ஓட்டு சரிபாதியா பிரியுது. ஷிப்பர்டோட சம்சாரம் வேலையா போறபோது வர்றபோது கதவு வழியா காது குடுத்துட்டே இருக்காங்க, விஷயம் இழுபறின்னு தெரிஞ்சதும் வேலையப் போட்டுட்டு அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களக் கூட்டிட்டு வந்து ஜெபத்துல உக்காந்துடறாங்க. உள்ள ஜான் கீப், போர்டு தலைவர், தன்னோட ஓட்டப் போட்டு முடிச்சு வைக்கிறாரு. ஒரே ஒரு ஓட்டு. அந்த வீட்டுக்குள்ள ஓட்டு இருந்த ஒரு பொம்பளகூட இல்லங்கிறதயும் கவனிச்சுக்குங்க.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் விரும்பி வந்து படிச்ச வெள்ளக்காரப் பசங்க கதை, பிடிக்கலன்னா கெளம்பிப் போக முடிஞ்சவங்க கதை. அதே பேர்ல, அதே காலத்துல, இன்னும் மேற்க போனா வேற கதை. கேன்சஸ் பக்கம் ஷானி மக்களோட நிலத்துல தாமஸ் ஜான்சன்னு ஒரு மெதடிஸ்ட் பாதிரியார் 1839ல ஒரு மேனுவல் லேபர் ஸ்கூல் ஆரம்பிச்சாரு. 2,000 ஏக்கருக்கு மேல, உச்சத்துல 16 கட்டடம், 200 பிள்ளைங்க கிட்ட, ஷானி, டெலவேர்னு பல பழங்குடிக் குழந்தைங்க. பையன்களுக்கு விவசாயம், கொல்லு வேலை, செருப்பு தைக்கிறது, பொண்ணுங்களுக்கு நூல் நூக்கறது, நெசவு, சமையல். கேல் நடத்துன ஸ்கூல் மாதிரியேதான இருக்கு? ஜான்சன் அடிமைகள வச்சிருந்தவரு. ஒரு பக்கம் குழந்தைங்களுக்கு உழைப்பு கௌரவம்னு பாடம், அதே முற்றத்துல கூலியே இல்லாம விலைக்கு வாங்கின மனுஷங்க வேலை பாக்கறாங்க. 1855ல கேன்சஸ் பிரதேசத்தோட முதல் சட்டசபை, மிசௌரிலருந்து கும்பலா வந்து கள்ள ஓட்டுப் போட்டு ஜெயிச்ச சபை, வேற ஊர்ல ஆரம்பிச்சு சில நாள்லயே இடம் மாறி வந்து உக்காந்தது இந்தப் பள்ளிக்கூடத்துலதான். அடிமை தப்பிக்க உதவினா மரண தண்டனை வரைக்கும் குடுக்கலாம்னு சட்டம் போட்ட சபைக்கு இடம் குடுத்தது ஒரு பழங்குடிப் பிள்ளைகள் பள்ளி, மேல்சபைத் தலைவர் ஜான்சனேதான். 1854 ஒப்பந்தத்துல மிஷனுக்குன்னு ஒதுக்குன நிலத்துல பெரும்பகுதி கடைசில அவரு குடும்பத்துக்குப் போச்சு. பள்ளி 1862ல மூடுச்சு, ஷானி மக்கள ஓக்லஹோமா பக்கம் தள்ளி விட்டாங்க, மாவட்டத்துக்கு இன்னிக்கும் பேரு ஜான்சன் கவுண்டி.

இதவிட அப்பட்டமானது சாக்டா அகாடமி. கென்டக்கில ரிச்சர்ட் எம். ஜான்சன் (இவரு வேற ஜான்சன், பின்னாடி துணை ஜனாதிபதி ஆனவரு) தன் சொந்தப் பண்ணைலயே 1825ல ஆரம்பிச்சாரு. காசு சாக்டாங்கிற பழங்குடி மக்கள் நிலத்த விட்டுக் குடுத்ததுக்காக ஒப்பந்தப்படி வந்த கல்விப் பணம். இடமும் அவருது, சாப்பாட்டு சப்ளையும் அவருது. ஊரான் வீட்டு நெய்யே எம்பொண்டாட்டி கையேன்னு சொல்வோம்ல, அதேதான். பின்னாடி பீட்டர் பிட்ச்லின்னு ஒரு சாக்டா தலைவர், அங்கயே கொஞ்ச நாள் படிச்சவரு, கணக்கு வழக்கெல்லாம் பாத்துட்டு எங்க பணம் எங்க ஊருக்கே வரட்டும்னு நின்னாரு. 1842ல சாக்டா கவுன்சில் தன் நாட்டுலயே பள்ளிகளுக்கு சட்டம் போட்டுச்சு, ரெண்டு வருஷத்துல ஸ்பென்சர் அகாடமி தொறந்தாச்சு. அங்கயும் பாடம் நடத்த மிஷனரிகளத்தான் கூப்பிட்டாங்க, அங்கயும் பசங்க வயல்ல வேலை பாத்தாங்க. ஆனா காசு கவுன்சில் கைல, மேற்பார்வைக்கு சாக்டா டிரஸ்டிகள். நான் முதல்ல சொன்னதுக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்குக் கெடைக்கல.

(நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு துணுக்கு: பாஸ்டன்ல இருந்த அமெரிக்கன் மிஷன் போர்டு அனுப்பின ஆளுங்க 1816ல யாழ்ப்பாணம் வந்து சேந்தாங்க, அதே போர்டு 1817ல டென்னசில செரோக்கி பழங்குடிப் பிள்ளைங்களுக்கு பிரெய்னர்ட்னு பண்ணையோட ஒரு பள்ளி தொறந்துச்சு. வட்டுக்கோட்டை செமினரிய நடத்தின அதே போர்டு. ரெண்டு ஊர் கணக்கும் ஒரே ஆபீஸுக்குப் போச்சு. யாழ்ப்பாணத்துல அவங்க குடியிருக்கறவங்க நிலத்தப் பிடுங்கல, ஆனா செரோக்கிகள 1838ல அமெரிக்க அரசாங்கம் ராணுவம் வச்சு நாட்ட விட்டே கெளப்புச்சு, பிரெய்னர்டும் அதோட போச்சு.)

இதுல "அப்ப உழைப்பே கூடாதுங்கிறியா"ன்னு கமென்ட்ல வருவீங்க, தெரியும். பையன் விரும்பி, கூலி தெரிஞ்சு, வேண்டாம்னா விட்டுப் போற உரிமையோட வேலை பாத்தா நல்லதுதான், ஒனைடால படிச்சுத்தான் ஹென்றி ஹைலேண்ட் கார்னெட், அலெக்சாண்டர் கிரம்மெல் மாதிரி கறுப்புத் தலைவர்கள் வந்தாங்க, பெரும்பாலான காலேஜுங்க அவங்கள வாசல்லகூட விடாத காலத்துல. ஆனா அதே மாடல எடுத்து வேண்டாம்னு சொல்ல முடியாத குழந்தைங்க தலைல கட்டினப்ப என்னாச்சுன்னு அமெரிக்க அரசாங்கமே 2024ல ரிப்போர்ட் குடுத்துச்சு, அரசு நடத்தின, ஆதரிச்ச பழங்குடி போர்டிங் பள்ளிகள்ல குறைஞ்சது 973 பிள்ளைங்க செத்திருக்காங்க.

தாமஸ் ஜான்சன் நடத்தின அந்த ஷானி மிஷன் பள்ளில இப்ப மிச்சம் இருக்கறது 12 ஏக்கர், மூணு செங்கல் கட்டடம். மாநிலத்துக்குச் சொந்தம், மியூசியமா இருக்கு. கொஞ்ச வருஷமா ஷானி பழங்குடி அரசு அத எங்ககிட்ட குடுங்க, நாங்களே பழுது பாத்து எங்க பிள்ளைங்க கதையோட வச்சிருக்கோம்னு கேட்டுட்டு இருக்கு, மாநில வரலாற்றுச் சங்கமும் அந்த ஊர் நிர்வாகமும் ஒத்துக்கல, கட்டடம் நல்லாத்தான் இருக்கு நாங்க பாத்துக்கறோம்ங்கிறாங்க. ரெண்டாயிரம் ஏக்கர எடுத்தவங்க 12 ஏக்கருக்கு இவ்ளோ யோசிக்கிறது எனக்கு ஞாயமாப் படல. குடுத்துடணும், பத்திரத்தோட.