காசுக்கேத்த தோசை என்று சொல்பவர்களுக்கு

"காசுக்கேத்த தோசைதானே சார் கிடைக்கும்?" உள்நாட்டு விமானங்களைப் பற்றி வாயைத் திறந்தாலே இந்தப் பதில்தான் வருகிறது. மூவாயிரம் ரூபாய்க்கு டிக்கெட் எடுத்துவிட்டு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உபசாரத்தை எதிர்பார்த்தால் எப்படி என்று கேட்கிறார்கள். மூவாயிரம் ரூபாயாக இருந்தால் நியாயமான கேள்விதான். 2025 தீபாவளிக்குச் சென்னை–மதுரை டிக்கெட் 17,000 ரூபாயைத் தாண்டியது. போகிற தூரம் நானூறு கிலோமீட்டர் சொச்சம். அந்தக் காசுக்கும் அதே இருக்கை, முட்டி இடிக்கும் அதே இடைவெளி, வெந்நீர் ஊற்றிக் கொடுக்கும் அதே கப் உப்புமா, அதற்கும் தனிக் காசு. காசு ஐந்து மடங்கு ஏறியபோது தோசை ஏன் அப்படியே இருந்தது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு தரவில்லை, சிரித்துப் பேசவில்லை என்பதெல்லாம் என் குறை இல்லை. ஒரு மணி நேரப் பயணத்தில் சாப்பாடு எதற்கு? பணிப்பெண்களையும் நான் குறை சொல்லமாட்டேன். விமானம் தரையிறங்கிய அரைமணி நேரத்துக்குள் மறுபடி கிளம்ப வேண்டும், அந்த இடைவெளியில் இருக்கைப் பைகளில் கிடக்கும் குப்பையைப் பொறுக்குவதும் அவர்களேதான், அப்புறம் லிப்ஸ்டிக்கைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்று அடுத்த நூற்றெண்பது பேருக்கு வணக்கம் வைக்க வேண்டும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பறக்கிற வெளிநாட்டு பட்ஜெட் விமானங்களிலும் தண்ணீர் பாட்டில் முதல் எல்லாமே காசுதான், எடை வரம்பைத் தாண்டினால் கைப்பையை விடமாட்டார்கள். அவர்களோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறேன், எமிரேட்ஸோடு இல்லை.

என் குறை வேறு. ஏதாவது கோளாறு நடக்கும்போது பயணியை மனிதனாக நடத்துகிறார்களா என்பதுதான். அங்கேதான் நம் ஊர் கம்பெனிகள் வருடத்துக்கு வருடம் கீழே போய்க்கொண்டிருக்கின்றன.

சமீபத்தில் சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு மாலை விமானம். (எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை, எழுதினால் பேச்சு அந்த ஒரு கம்பெனியோடு முடிந்துவிடும்.) கிளம்பும் நேரத்துக்கு முன்னால் ஒரு எஸ்.எம்.எஸ்., நாற்பது நிமிடம் தாமதம். நாற்பது நிமிடம் கழித்து இன்னொன்று, இன்னும் நாற்பத்தைந்து நிமிடம். இப்படியே தவணை முறையில் தாமதத்தை நீட்டிக்கொண்டு போனார்கள். கேட்டுக்கு மேலே இருக்கிற பலகை மட்டும் 'ஆன் டைம்' என்று பச்சையில் எரிந்துகொண்டிருந்தது. விமானம் அப்போது எந்த ஊரில் நிற்கிறது என்பது என் போனில் இருக்கிற டிராக்கிங் ஆப்புக்கே தெரிகிறது, அது ஐதராபாத்தை விட்டே கிளம்பவில்லை. கவுன்டரில் இருந்த பெண்ணிடம் அதைச் சொன்னால், "டெக்னிக்கல் ரீசன் சார், வெயிட் பண்ணுங்க". என் பக்கத்தில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், இன்சுலின் ஊசியை ஐஸ் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "சாப்பிட்டு ஊசி போடலாமா, இல்ல இப்ப ஏத்திடுவாங்களா தம்பி?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்ல? அவர் எழுந்து போய்க் கவுன்டரில் தமிழில் கேட்டார். அங்கே இருந்த பையன் ஹிந்தியில் பதில் சொன்னான். பெரியவர் தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார், புரிந்த மாதிரி. கடைசியில் இரண்டு மணி நேரம் தாண்டியதும் ஆளுக்கு ஒரு ஜூஸ் பாக்கெட்டும் ஒரு பன்னும் வந்தது. சர்க்கரை நோயாளிக்கு ஜூஸ் பாக்கெட். இவ்வளவுக்கும் எட்டு மணிக்குத்தான் கிளம்பும் என்று ஆறு மணிக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் பாட்டுக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டு ஊசியைப் போட்டிருப்பார். உண்மையைச் சொல்ல என்ன செலவு?

மொழி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பு போகிற ஸ்ரீலங்கன் விமானத்தில் ஏறினால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அறிவிப்பு வரும். சென்னையில் ஏறி மதுரையில் இறங்குகிற விமானத்தில் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் பெல்ட் போடச் சொல்வார்கள். எப்போதாவது ஒரு தமிழ் பைலட் மைக்கில் தமிழில் பேசிவிட்டால் அந்த வீடியோ வைரல் ஆகிறது. சொந்த ஊரில் சொந்த மொழியில் பேசுவது வைரல் ஆகிற அளவுக்கு அபூர்வமாக இருக்கிறது. இதில் மொழி அரசியல் எதுவும் எனக்கு இல்லை, அவசரக் கதவு எங்கே இருக்கிறது என்பது அந்தப் பெரியவருக்கும் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான்.

இப்போது வெளிநாட்டுக்கு வருவோம். ஜெர்மனியில் இருக்கிற என் மைத்துனன் மியூனிக்கிலிருந்து பாரிஸ் போன விமானம் நான்கு மணி நேரம் தாமதம். அங்கேயும் எரிச்சல்தான், அங்கேயும் வரிசைதான், கவுன்டரில் இருந்தவர்களும் ஒன்றும் பூ தூவவில்லையாம். ஆனால் கம்பெனி வலைத்தளத்தில் ஒரு படிவம் நிரப்பினான், சில வாரத்தில் 250 யூரோ வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. டிக்கெட்டே அவ்வளவு விலை இல்லை! ஐரோப்பாவில் 2004-இல் போட்ட சட்டம் அது. போய்ச் சேருவது மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. மோசமான வானிலை மாதிரி கம்பெனியின் கையில் இல்லாத காரணம் என்றால் கிடையாது. ஆனால் விமானத்தில் வழக்கமாக வருகிற எந்திரக் கோளாறை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்று அங்கே நீதிமன்றமே சொல்லிவிட்டது. 'டெக்னிக்கல் ரீசன்' என்ற மந்திரம் அங்கே பலிக்காது. அமெரிக்காவில் 2024-இல் கொண்டுவந்த விதிப்படி உள்நாட்டு விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் போகவில்லை என்று முடிவு செய்தால், பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு நம் கம்பெனிகளைவிட இளகிய மனசு என்று நான் நம்பவில்லை. அங்கே தாமதம் செய்தால் கம்பெனிக்குச் செலவு, இங்கே தாமதம் செய்தால் செலவு நமக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்மிடமும் விதி இருக்கிறது, இல்லாமல் இல்லை. விமானக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி, உறுதியான டிக்கெட்டோடு நேரத்துக்கு வந்தவரை இடமில்லை என்று ஏற்ற மறுத்து, ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானமும் தராவிட்டால், அடிப்படைக் கட்டணத்தின் இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ நஷ்ட ஈடு தர வேண்டும். அதற்கு 10,000, 20,000 ரூபாய் என்று உச்சவரம்பு. முறையாக முன்கூட்டியே சொல்லாமல் ரத்து செய்தால் 5,000 முதல் 10,000 வரை, ஆனால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைவான தொகைதான். தாமதத்துக்கு? ரொக்கமாக ஒரு பைசா கிடையாது. இரண்டு மணி நேரம் தாண்டினால் ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும் (பன்!), ஆறு மணி நேரம் தாண்டினால் வேறு விமானம் அல்லது பணம் வாபஸ், இருபத்து நான்கு மணி நேரம் தாண்டினால் ஹோட்டல். ஐந்து மணி ஐம்பது நிமிடம் உட்காரவைத்தால் கம்பெனிக்கு ஆகிற மொத்தச் செலவு ஒரு பன்னும் ஜூஸும். அப்புறம் அவர்கள் ஏன் அவசரப்படப் போகிறார்கள்?

2025 டிசம்பரில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பைலட்டுகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களைக் குறைக்கும் விதி. 2024 ஜனவரியிலேயே அறிவித்தது, நீதிமன்றம் வரை போய், இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. இரண்டாவது கட்டம் நவம்பர் 1. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விதிதான். இண்டிகோ மட்டும் ஆள் பலத்தைச் சரியாகத் திட்டமிடாமல் கவிழ்ந்தது, டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் விமானங்கள் ரத்து. விமான நிலையங்களில் பெட்டிகள் மலைபோலக் கிடந்த படங்களைப் பார்த்தோம். 3-ஆம் தேதியிலிருந்து 5-ஆம் தேதிக்குள் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். கடைசியில் விட்டுக்கொடுத்தது யார்? அரசாங்கம். விதியிலிருந்து அந்தக் கம்பெனிக்குத் தற்காலிக விலக்கு. அப்புறம் 22 கோடி ரூபாய் சொச்சம் அபராதம் போட்டார்கள். மூன்று லட்சம் பேருக்கு வகுத்துப் பாருங்கள், தலைக்கு 740 ரூபாய். அதுவும் அரசுக்குப் போகிற காசு. ரொம்பவும் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கம்பெனி 10,000 ரூபாய் வவுச்சர் அறிவித்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. ஆனால் வவுச்சர் என்றால் மறுபடி அவர்கள் விமானத்திலேயே ஏற வேண்டும் என்று அர்த்தம்.

ஏன் இந்தத் துணிச்சல்? உள்நாட்டுச் சந்தையில் 60 சதவீதத்துக்கு மேல் இண்டிகோ என்ற ஒரே கம்பெனி கையில். அதோடு ஏர் இந்தியா குழுமத்தையும் சேர்த்தால் பத்தில் ஒன்பது பேர் இந்த இருவரில் ஒருவரிடம்தான் போயாக வேண்டும். தட்டிக் கேட்க ஆளில்லை என்றால் தம்பி சண்டப்பிரசண்டன்.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. மதுரைக்காரர்கள் நடத்திய பாரமவுண்ட் விமானக் கம்பெனி ஞாபகம் இருக்கிறதா? 2005-இல் தொடங்கி எம்ப்ரேயர் என்ற சிறிய ரக விமானங்களை விட்டார்கள், பக்கத்துக்கு இரண்டே இருக்கை, நடு இருக்கை என்ற தண்டனையே கிடையாது. 2010-இல் மூடிவிட்டார்கள். கிங்ஃபிஷர் 2012-இல் போனது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில். கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம். விஸ்தாராவை 2024 நவம்பரில் ஏர் இந்தியாவில் கரைத்தார்கள். சேவை நன்றாக இருந்தால் மட்டும் கம்பெனி பிழைக்காது என்று இந்தப் பட்டியலைக் காட்டி எனக்கே பாடம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். கிங்ஃபிஷரில் உபசாரம் பிரமாதம், ஊழியர்களுக்குச் சம்பளம்தான் போகவில்லை. ஆனால் இத்தனை பேர் களத்தில் இருந்தபோது ஒருவன் சரியில்லை என்றால் அடுத்தவனிடம் போக முடிந்தது. அந்தப் பயம்தான் கவுன்டரில் நமக்கு மரியாதையாக வந்து சேர்ந்தது. இப்போதும் அதே இந்தியக் கம்பெனிகள் சென்னை–சிங்கப்பூர் மாதிரி பாதையில் கொஞ்சம் பணிவாக நடந்துகொள்வதைப் பார்க்கிறேன். அங்கே பக்கத்து கேட்டில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிற்கிறதே.

கம்பெனிகள் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. விமான எரிபொருள் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரி, தமிழ்நாட்டில் அது அதிகமாகவே இருந்து வந்திருக்கிறது. பிராட் அண்ட் விட்னி என்ற கம்பெனி செய்த எஞ்சின்களில் வந்த பிரச்சினையால் ஏகப்பட்ட விமானங்கள் தரையில் நின்றன. ஏற்கிறேன். ஆனால் எஞ்சின் பிரச்சினைக்கும் பலகையில் 'ஆன் டைம்' என்று பொய் சொல்வதற்கும் என்ன சம்பந்தம்? குழந்தையை ஒரு வரிசையிலும் அம்மாவை வேறு வரிசையிலும் போட்டு, சேர்ந்து உட்கார வேண்டுமானால் காசு கட்டு என்று கேட்பதற்கும் எரிபொருள் வரிக்கும் என்ன சம்பந்தம்? பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளைப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது உட்காரவையுங்கள் என்று 2024-இல் டி.ஜி.சி.ஏ. உத்தரவு போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் உத்தரவு வேண்டுமா ஐயா?

2025 பிப்ரவரியில் மத்திய அமைச்சர் சிவராஜ் சிங் சௌஹானுக்கே போபால்–டெல்லி விமானத்தில் உடைந்த இருக்கை கொடுத்தார்கள். அவர் ட்வீட் போட்டதும் மன்னிப்பு வந்தது. எனக்கும் உங்களுக்கும் 'உங்கள் புகார் எண்' என்று ஒரு மின்னஞ்சல் வரும், இரண்டு நாளில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று இன்னொன்று வரும். நடுவில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

அரசிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், வானிலை காரணமில்லை என்றால், டிக்கெட் வாங்கிய அதே கணக்குக்குத் தானாகப் பணம் போக வேண்டும். வவுச்சர் வேண்டாம், பன் வேண்டாம். கட்டணம் கொஞ்சம் ஏறும் என்பார்கள், ஏறட்டும், தீபாவளிக்கு ஏறாத கட்டணமா? டிசம்பர் குளறுபடியின்போது 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய்தான் என்று ஒரே உத்தரவில் உச்சவரம்பு போட முடிந்த அரசுக்கு இது முடியாத காரியமில்லை.

அதுவரை உள்ளதை வைத்துத்தான் சண்டை போட வேண்டும். போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள், தாமத எஸ்.எம்.எஸ்.களை அழிக்காதீர்கள், கேட்டில் இருக்கும் பலகையை நேரத்தோடு ஒரு படம் எடுத்து வையுங்கள், மத்திய அரசின் ஏர்சேவா ஆப்பில் புகார் போடுங்கள், நுகர்வோர் ஆணையத்துக்கு வக்கீல் இல்லாமலே போகலாம். அப்புறம், உங்களில் யாருக்காவது உள்நாட்டு விமானத்தில் ஏற மறுக்கப்பட்டோ ரத்தாகியோ அந்த 5,000, 10,000 உண்மையிலேயே கைக்கு வந்திருந்தால், என்ன எழுதிக் கேட்டீர்கள், எத்தனை நாள் ஆனது என்று கீழே விவரமாகச் சொல்லுங்கள். என் வட்டத்தில் விசாரித்த வரையில் ஒருவரும் கிடைக்கவில்லை.