ஆண்ட்டிதானே என்று சொல்லாதீர்கள்

எங்கள் புளோக்கில் ஏழாவது மாடியில் இருக்கும் ஒரு தங்கச்சியைப் போன வாரம் லிஃப்டில் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. மூன்று வயது மகளைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து கூட்டி வரப் போனபோது கன்னத்தில் ஒரு கீறல் இருந்ததாம்.

“டீச்சர் கிளம்பிட்டாங்கக்கா. ஆண்ட்டிதான் இருந்தாங்க. அவங்ககிட்ட என்னத்தக் கேக்குறது?”

“அவங்க ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னாங்க. தூங்கி எழுந்ததும் பொம்மைக்குச் சண்டையாம். இன்னொரு பிள்ளையோட நகம் பட்டுடுச்சாம். கழுவி ஐஸ் வெச்சாங்களாம். ஆனா அவங்க டீச்சர் இல்லையேக்கா.”

எங்கே, எப்படி, எப்போது, பிறகு என்ன செய்தார்கள் என்று ஒரு தாய்க்குத் தெரிய வேண்டிய எல்லாவற்றையும் அந்தப் பெண்மணி சொல்லியிருக்கிறார். சொன்னவர் ‘ஆண்ட்டி’ என்பதால் அது இவள் காதில் ஏறவில்லை. நான் தங்கச்சியைக் குறை சொல்லவில்லை, அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2011 முதல் 2015 வரை நானும் ‘ஆண்ட்டி’யாகத்தான், அதாவது வகுப்பாசிரியருக்கு உதவும் துணை ஆசிரியராகத்தான், இருந்தேன். இன்று பாலர்பள்ளித் தமிழாசிரியை. இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கணக்கு. நம் சிங்கப்பூரில் ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர்கள் என்பதற்கு விதி இருக்கிறது. 18 மாதம் வரையுள்ள கைக்குழந்தைகள் என்றால் 5 பேருக்கு ஒருவர். பிரீ-நர்சரியில், அதாவது இரண்டரை வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு, ஓர் ஆசிரியர் 12 பேரைப் பார்க்கலாம். அவரோடு ஒரு துணை ஆசிரியரும் இருந்தால் 18. நர்சரியில் 15, துணையோடு 20. ஐந்து வயதாகும் பிள்ளைகளின் கே1 வகுப்பில் 20, துணையோடு 25. அதற்கு அடுத்த கே2இல் 25, துணையோடு 30.

இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பிரீ-நர்சரியில் இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் 24 பிள்ளைகள் இருக்கலாம். ஆசிரியரும் துணையும் என்றால் 18தான். துணைக்கு வருபவரைக் கணக்கு பாதி ஆளாக எண்ணுகிறது. கே2இல் ஐந்தில் ஒரு பங்கு. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பயிற்சி குறைந்தவர் தலையில் அதிகப் பிள்ளைகளை ஏற்றக்கூடாது, அது சரியான விதி. விதியில் துணை ஆசிரியர் தனியாக வருவதே இல்லை என்பதையும் கவனியுங்கள். எப்போதும் ‘ஆசிரியரோடு’தான். அவர் ஆசிரியருக்குப் பதில் ஆள் இல்லை.

எனக்குத் தெரிந்து இந்த ஒரு சொல்லைத்தான் சில இடங்களில் மறந்துவிடுகிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒருநாள் வகுப்பாசிரியை எம்சி, மருத்துவ விடுப்பு. மாற்றாள் வரவில்லை. காலை எட்டரையிலிருந்து மதியச் சாப்பாடு வரை மூன்று வயதுப் பிள்ளைகள் வகுப்பில் நான் ஒருத்தி மட்டும். ஒருத்தியைக் கழிவறைக்குக் கூட்டிப் போனால் மற்றவர்களை யார் பார்ப்பது? கதவில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றேன். ஒரு பையன் புத்தக அலமாரியில் ஏறி விழுந்து உதடு கிழிந்தது. மாலையில் அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அன்றைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நான் அல்ல, என்னை அங்கே தனியாக நிறுத்தியவர். அதைச் சொல்லும் துணிவும் அப்போது எனக்கில்லை. என் வேலை எது, எது இல்லை என்று எழுதிய தாள் ஒன்றுகூட என் கையில் கிடையாது.

சரி, துணை ஆசிரியர் என்னதான் செய்கிறார்? காலை ஏழு மணிக்கு வாசலில் நிற்பார். ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையையும் வாயையும் பார்ப்பார், கை கால் வாய்ப்புண் நோய்க்கு அறிகுறி இருக்கிறதா என்று. காய்ச்சல் பார்ப்பார். அழும் பிள்ளையை அம்மாவின் தோளிலிருந்து இறக்கி வாங்குவார். பால் ஊட்டுவார், டயப்பர் மாற்றுவார், கஞ்சியைத் துப்பும் பிள்ளைக்கு இன்னொரு கரண்டி. மதியம் குளிப்பாட்டி, பாய் விரித்து, முதுகில் தட்டித் தூங்க வைப்பார். மாலையில் கடைசிப் பிள்ளையின் அப்பா மூச்சிரைக்க ஓடி வரும்வரை கதை சொல்லிக்கொண்டிருப்பார். முழுநாள் நிலையங்கள் காலை ஏழிலிருந்து இரவு ஏழுவரை திறந்திருக்கின்றன. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் உங்கள் பிள்ளையின் உடம்பை அதிகம் தொட்டவர், உடம்புச் சூட்டை அறிந்தவர், பெரும்பாலும் இவர்தான்.

ஆசிரியரின் வேலை வேறு. அதுவும் வெளியே தெரியாது. திங்கட்கிழமை மேசைமேல் ஐந்து கிண்ணமும் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் போன வாரமே எழுதிய திட்டம் ஒன்று இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு ‘அதிகம், குறைவு’ இன்னும் பிடிபடவில்லை, யாருக்கு விரல்களில் வலு போதவில்லை, யார் பேசாமல் ஒதுங்கி நிற்கிறார் என்று பார்த்துத்தான் அந்தக் கிண்ணங்கள் வந்தன. பார்த்ததைக் குறித்து வைப்பது, பெற்றோரோடு உட்கார்ந்து பேசுவது, அடுத்த மாதத்துக்குத் திட்டத்தை மாற்றுவது, எல்லாம் அவர் பொறுப்பு. கே1, கே2 பிள்ளைகளுக்குக் கற்பிக்க டிப்ளோமா வேண்டும். அதைவிடச் சின்ன வகுப்புகளுக்குச் சான்றிதழ்ப் படிப்பு. கைக்குழந்தைகளையும் தவழும் பிள்ளைகளையும் பார்ப்பவர்களுக்குத் தனிப் பயிற்சி. துணை ஆசிரியருக்கு அடிப்படைச் சான்றிதழ். முதலுதவிச் சான்றிதழை நான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறேன். பொம்மையின் நெஞ்சை அழுத்தி அழுத்திக் கை வலித்தாலும் அதை விடமாட்டேன்.

இத்தனையும் ஒரே நாளில் வந்ததல்ல. 2013 ஏப்ரலில் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு உருவாகும்வரை பாலர்பள்ளிகளைக் கல்வி அமைச்சும் பராமரிப்பு நிலையங்களைச் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சும் தனித்தனியாகக் கவனித்தன. இரண்டுக்கும் பொதுவான சட்டம் 2017இல் நிறைவேறி 2019 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில்தான் ஆசிரியர் பயிற்சியில் பெரும்பகுதியும் என்ஐஇசி என்ற பயிற்சிக் கழகத்தின் ஒரே கூரையின்கீழ் வந்தது. நான் படித்த காலத்தில் அந்தக் கூரை இல்லை. வேலை முடிந்து, வீட்டில் சமைத்து வைத்துவிட்டு, இரவு வகுப்புக்கு எம்ஆர்டி ரயிலில் ஓடினேன். இன்று வருகிறவர்களுக்குப் பாதை தெளிவாக இருக்கிறது. சந்தோஷம்.

ஆனால் நான் சொல்ல வந்தது சான்றிதழைப் பற்றி மட்டும் அல்ல.

2013இல் நான் இருந்த வகுப்பில் மூன்று வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நல்ல சிரிப்பு. சொன்ன பேச்சு கேட்கமாட்டான் என்று எல்லோரும் சொல்வார்கள். மதியம் தூங்க வைக்கும்போது நான் ஒன்றைக் கவனித்தேன். இடப்பக்கம் படுத்துக்கொண்டால், அதாவது வலக்காது மேலே இருந்தால், நான் மெதுவாகப் பெயர் சொன்னாலும் கண் திறப்பான். மறுபக்கம் புரண்டுவிட்டால் கூப்பிடக் கூப்பிட அசையமாட்டான். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, தினமும்.

மூன்று வாரம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் என்று இப்போது யோசிக்கிறேன். ‘நீ பார்த்ததைச் சொல்வதும் உன் வேலைதான்’ என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. டயப்பர் மாற்று, பாய் விரி, தரையைத் துடை என்றார்கள். பிள்ளையைப் பற்றி ஓர் எண்ணம் வைத்திருக்க எனக்கு இடம் உண்டா என்பதே எனக்குத் தெரியாது. கடைசியில் ஒருநாள் பாய் மடிக்கும்போது வகுப்பாசிரியையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சீனப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். கையிலிருந்ததை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து கேட்டார். மறுநாளிலிருந்து தாளில் குறிக்கத் தொடங்கினார். தேதி, நேரம், எந்தப் பக்கம் நின்று அழைத்தோம், எத்தனை முறை, என்ன நடந்தது. இரண்டு வாரம் கழித்து பெற்றோரை உட்கார வைத்துப் பயமுறுத்தாமல் பேசினார். அவர்கள் பலதுறை மருந்தகம் போய், அங்கிருந்து கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்குப் போனார்கள். இடக்காதில் குறை இருந்தது. அதுவரை ‘பிடிவாதக்காரன்’ என்ற பெயரைச் சுமந்த பிள்ளை அவன்.

கவனித்தவள் நான். கவனித்ததை என்ன செய்வது என்று தெரிந்தவர் அவர். படிப்பு என்பது அதற்குத்தான். பின்னாளில் டிப்ளோமா வகுப்பில் உற்றுநோக்கல் பற்றிய பாடம் வந்தபோது எனக்குக் கண் கலங்கியது. ‘பிடிவாதம் பிடித்தான்’ என்று எழுதாதே, ‘பெயர் சொல்லி இருமுறை அழைத்தும் திரும்பவில்லை’ என்று எழுது, கண்டதை எழுது, உன் தீர்ப்பை எழுதாதே என்று சொல்லிக்கொடுத்தார்கள். இந்த ஒரு பாடத்தை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லித் தந்திருந்தால் அந்த மூன்று வாரம் வீணாகியிருக்காது.

அதனால் நான் கேட்பது இதுதான். துணை ஆசிரியருக்கு அவருடைய கடமைகளை எழுதிக் கொடுங்கள். அதில் ‘பிள்ளையிடம் கண்டதைச் சொல்ல வேண்டும்’ என்பது முதல் வரியாக இருக்கட்டும். தனியே வகுப்பைப் பார்க்கச் சொன்னால் முடியாது என்று சொல்லும் உரிமையும் அதில் எழுதியிருக்கட்டும். வாரத்தில் அரை மணி நேரமாவது ஆசிரியரும் துணையும் பிள்ளைகள் இல்லாத அறையில் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குங்கள். பல இடங்களில் ஆசிரியர் திட்டம் போடும் நேரத்தில் துணை ஆசிரியர் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். திட்டம் தெரியாதவர் அதற்கு எப்படித் துணை நிற்பார்? தண்ணீர் விளையாட்டில் பிள்ளை தானாக ஊற்றிப் பழகட்டும் என்பது திட்டம். அது தெரியாததால் நான் எத்தனை முறை கிண்ணத்தைப் பிடுங்கி ‘ஆண்ட்டி ஊத்தித் தரேன்’ என்று நல்லது செய்வதாக நினைத்திருக்கிறேன்!

2023இல் பாலர்பள்ளியில் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்ட சம்பவங்கள் வெளியே வந்தபிறகு, 2024 ஜூலையிலிருந்து எல்லாப் பாலர்பள்ளிகளிலும் சிசிடிவி கட்டாயமானது. நான் அதை வரவேற்கிறேன். பேசத் தெரியாத பிள்ளைக்கு அது ஒரு பாதுகாப்பு. ஆனால் காலையிலிருந்து இடுப்பு ஒடிய நின்ற ஒருவருக்குப் பத்து நிமிடம் ஓய்வு தர ஆள் இருந்ததா என்பதை கேமரா சொல்லாது. அதை நிலைய முதல்வர்தான் பார்க்க வேண்டும்.

சம்பளம் பற்றி ஒரு வார்த்தை. அரசாங்க ஆதரவு பெற்ற பாலர்பள்ளிகளில் ஆசிரியர்களின் சம்பளம் 2023, 2024இல் 10 முதல் 30 விழுக்காடு வரை உயரும் என்று அறிவித்தார்கள். தேவையான உயர்வு. பெற்றோருக்குக் கட்டணமும் குறைந்து வருகிறது. 2025இல், அரசாங்க நிதியாதரவு பெறும் முக்கிய நடத்துநர்களின் முழுநாள் பராமரிப்புக் கட்டண உச்சவரம்பு, ஜிஎஸ்டி சேர்க்காமல், மாதம் 640 வெள்ளியாக இருந்தது. அதுவும் நல்லது. இரண்டுக்கும் நடுவே யாருடைய வேலைநேரமும் ஓய்வும் நசுங்கக்கூடாது என்பதுதான் என் கவலை.

நம் தமிழ்ப் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் ஐந்து வயதைத் தாண்டிய சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. 2010இல் 3.3. பாலர்பள்ளியில் தமிழ் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள், கேட்க வேண்டும். ஆனால் என் வகுப்பு ஒரு மணி நேரம்தான். மீதி நாள் முழுவதும் உங்கள் பிள்ளையிடம் ‘சாப்டியாம்மா, கை கழுவினியா’ என்று கேட்கிற ஒரு தமிழ்த் துணை ஆசிரியை அங்கே இருந்தால், அவர் தமிழிலேயே பேசட்டும் என்று நிலையத்திடம் சொல்லுங்கள். பல அக்காக்கள் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, தெரிந்த தமிழை விழுங்கிவிட்டுத் தெரியாத ஆங்கிலத்தில் தடுமாறுகிறார்கள். சீன ஆசிரியையை ‘லாவோஷி’ என்றும் மலாய் ஆசிரியையை ‘சிகு’ என்றும் பிள்ளைகள் மரியாதையோடு அழைக்கிறார்கள். துணை ஆசிரியருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

என்னோடு இப்போது வேலை செய்யும் துணை ஆசிரியை ஒரு மலாய் அக்கா. வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளைகள் தூங்கியபின் சக ஆசிரியை ஒருவர் வகுப்பில் இருப்பார், நாங்கள் இருவரும் பக்கத்து அறையில் இருபது நிமிடம் உட்காருவோம். அவர் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார். போன வாரம் அதில் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேராக ‘மூன்று நாளாக வலது கையை உயர்த்தவில்லை, சட்டை போடும்போது முகம் சுளிக்கிறாள்’ என்று எழுதியிருந்தார். அன்று மாலையே அம்மாவிடம் பேசினோம்.

துணை ஆசிரியராக இருக்கும் அக்கா, தங்கச்சிகள் யாராவது இதைப் படித்தால், பகுதிநேரச் சான்றிதழ்ப் படிப்பு பற்றியோ தமிழில் டிப்ளோமா படிப்பது பற்றியோ கேட்க வேண்டுமானால் உள்பெட்டியில் எழுதுங்கள். நாற்பது வயதில் தொடங்கியவள் நான். வார நாளில் பதில் தாமதமாகும், சனிக்கிழமை மதியத்துக்குமேல் உட்கார்ந்து எல்லோருக்கும் எழுதுகிறேன்.