கையெழுத்துப் போட்ட அரசே மாற்றலாமா?

அரசு போட்ட பழைய ஒப்பந்தத்தை மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அமெரிக்காவைப் பொறுத்தவரை இது பாதிதான் சரி. ஒப்பந்தக் கடமையைக் குலைக்கும் சட்டத்தை எந்த மாநிலமும் இயற்றக்கூடாது என்று அங்கே அரசியலமைப்பின் முதல் பிரிவிலேயே இருக்கிறது.

1962இல் நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்கள் தாங்கள் கூட்டாக நடத்தும் துறைமுக ஆணையத்தின் கடன் பத்திரம் வாங்கியவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தன: ஆணையத்தின் வருமானத்தை நஷ்டத்தில் ஓடும் பயணிகள் ரயிலுக்கு வரம்பு மீறித் திருப்பிவிட மாட்டோம் என்று. 1974இல் இரண்டுமே அதை ரத்து செய்துவிட்டன. பொதுப் போக்குவரத்துக்குப் பணம் வேண்டும் என்ற காரணம் நல்ல காரணம்தான். ஆனாலும் 1977இல் உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் ரத்தைச் செல்லாது என்றது. தன் கடனையே குறைத்துக்கொள்ளும் அரசு ‘இது அவசியம்’ என்று சொன்னால் அதை அப்படியே ஏற்க முடியாது என்பது வாதம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. கடன் வாங்கியவரே நீதிபதியாக முடியுமா?

அதற்காக எல்லா வாக்கும் கல்வெட்டு அல்ல. பொதுப் பாதுகாப்பு, சுகாதாரம் காக்கும் அதிகாரத்தை அரசு ஒப்பந்தம் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது.

அப்புறம், அந்தத் தடை மாநிலங்களுக்கு மட்டும்தான். இருந்தாலும், மத்திய அரசு தங்க மதிப்பில் தருவதாகச் சொன்ன பத்திரத்துக்குக் காகித டாலர் கொடுத்த வழக்கில், 1935இல் நீதிமன்றம் அரசு செய்தது தவறு என்றது; ஆனால் நஷ்டம் நிரூபிக்கப்படவில்லை என்று வழக்குப் போட்டவருக்குக் கூடுதலாக ஒரு டாலர்கூடத் தரவில்லை.