ஸ்டீம் ஐடி பாஸ்வேர்டால் போவதில்லை

"பாஸ்வேர்ட் பெரிசாத்தான் வச்சிருந்தேன், ஸ்டீம் கார்டும் போட்டிருந்தேன், எப்படிப் போச்சுன்னே தெரியல." வால்வ் நிறுவனத்தின் கணினி கேம் கடையான ஸ்டீமில் ஐடியைப் பறிகொடுத்தவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. (ஸ்டீம் கார்டு என்பது லாகினுக்கு இரண்டாவது குறியீடு கேட்கும் பாதுகாப்பு, Guard.) சொல்வது உண்மைதான். ஆனால் திருடனுக்கு வேண்டியது ஏற்கெனவே திறந்திருக்கும் லாகின், அல்லது கன்ஃபர்ம் பொத்தானில் இருக்கும் நம் கட்டைவிரல். "பாஸ்வேர்டை மாத்து" என்று மட்டும் அறிவுரை சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

நண்பனின் ஐடியிலிருந்தே டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பில் லிங்க் வரும்: "எங்க டீமுக்கு ஒரு ஓட்டு போடு மச்சி." (அவன் ஐடி நேற்றே போயிருக்கும்.) ஸ்டீம் வழியாக நுழையச் சொல்லும் பொத்தானைத் தட்டினால் குட்டி ஜன்னல் ஒன்று திறக்கும். பூட்டுப் படமும் முகவரியும் அச்சு அசலாக இருக்கும். ஆனால் அந்த ஜன்னலே பக்கத்துக்குள் வரைந்த படம். மேல்பட்டையைப் பிடித்து பிரவுசருக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். நிஜ ஜன்னல் வெளியே வரும், போலி விளிம்பைத் தாண்டாது. அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. வேறு டேபில் ஸ்டீம் முகவரியை நீங்களே அடித்து லாகின் செய்துவிட்டு, திரும்பி வந்து அதே பொத்தானைத் தட்டுங்கள். நிஜமானால் உங்கள் படத்தைக் காட்டி ஒரே ஒரு பொத்தான்தான் கேட்கும். மறுபடி பாஸ்வேர்ட் கேட்டால் டேபை மூடிவிடுங்கள்.

கியூஆர் கோடு என்றால் பயமில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. போலிப் பக்கம் காட்டும் கோடு நிஜமானதே, ஆனால் அது திருடன் தன் கணினியில் திறந்துவைத்த லாகினுக்கு உரியது. ஸ்கேன் செய்து அனுமதித்தால் அவனைத்தான் உள்ளே விடுகிறோம்.

உள்ளே வந்தவன் பெரும்பாலும் உடனே எதையும் தொடமாட்டான். திறந்த லாகினை வைத்துக்கொண்டோ, உங்கள் கணக்கில் ஒரு வெப் ஏபிஐ கீ (கணக்கை புரோகிராம் வழியாகக் கையாள உதவும் சாவி) உருவாக்கியோ காத்திருப்பான். பத்து நாள் கழித்து சிஎஸ்2 (கவுண்டர்-ஸ்ட்ரைக் 2) கேமின் கத்தி ஒன்றை இன்னொருவரோடு டிரேட், அதாவது பண்டமாற்று, போடுவீர்கள். அந்த ஆஃபரை நொடியில் ரத்து செய்துவிட்டு, எதிராளியின் பெயரையும் படத்தையும் ஒட்டிக்கொண்ட பாட் (தானியங்கி) கணக்குக்கு வேறொரு ஆஃபரைத் திருப்பிவிடுவான். மொபைலில் நீங்கள் கன்ஃபர்ம் செய்வது அதைத்தான். பெயரையும் படத்தையும் யாரும் மாற்றலாம், கணக்கு தொடங்கிய தேதியை மாற்ற முடியாது. ஒவ்வொரு முறையும் அதை ஒப்பிடுங்கள்.

2025 ஜூலையிலிருந்து சிஎஸ்2 பொருள்களுக்கு 7 நாள் டிரேட் பாதுகாப்பு இருக்கிறது. அதற்குள் கவனித்தால் டிரேடைத் திருப்பலாம். ஆனால் அந்த 7 நாளில் செய்த எல்லா டிரேடும் சேர்ந்தே திரும்பும், 30 நாளுக்கு டிரேட் தடையும் விழும். அந்த விலை கொடுக்கலாம் என்பேன்.

"உன்னைத் தெரியாம ரிப்போர்ட் பண்ணிட்டேன், வால்வ் அட்மினிடம் பேசு" என்று வந்தால் பதிலே போடவேண்டாம். வால்வ் ஊழியர் டிஸ்கார்டில் வந்து பேசமாட்டார்.

காசில்லாமல் கேம் ஆட உதவும் கிராக், ஏமாற்றி ஜெயிக்க உதவும் சீட் (cheat) ஃபைல்களில் வரும் மால்வேர், பிரவுசரில் இருக்கும் லாகின் குக்கியையே (நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பதற்கான அடையாளம்) அள்ளிப்போகும், ஓடிபி கேட்கும் கட்டமே வராது. ஸ்டீம் கடையும் விதிவிலக்கில்லை: 2025 பிப்ரவரியில் பைரேட்ஃபை என்ற இலவச கேமில் மால்வேர் இருந்ததால் வால்வ் அதை நீக்கியது.

ஐடி போய்விட்டால் வரிசை முக்கியம். வைரஸ் இருக்கும் கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்ட் மாற்றினால் புது பாஸ்வேர்டும் அவனுக்கே போகும். வேறு கருவியிலிருந்து முதலில் ஈமெயிலை மீட்டு, பிறகு ஸ்டீம் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, கடைசியாக ஏபிஐ கீ பக்கத்தில் ஏதாவது இருந்தால் நீக்குங்கள். அந்தப் பக்கம் காலியாக இருப்பதே சரி.

மொபைல் ஆதென்டிகேட்டர் (ஸ்டீம் ஆப்பில் லாகின் குறியீடு தரும் வசதி) போடும்போது ஆர் எழுத்தில் தொடங்கும் மீட்புக் குறியீடு ஒன்று தருவார்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், பேப்பரில் எழுதி வையுங்கள். முதன்முதலில் கேம் வாங்கிய ரசீதையும் அதோடு வையுங்கள். கணக்கு யாருடையது என்று சப்போர்ட் கேட்கும்போது பழைய ரசீதுதான் பேசும். விலைக்கு ஐடி வாங்கியவர்களிடம் இல்லாதது அதுதான்.