தேசியப் பூங்கா அனுமதி அட்டை சுப்பாய் கிராமத்தில் செல்லுபடியாகாது

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஹவாசு அருவிக்குக் குழுவாக நடந்து சென்று சுப்பாய் கிராமத்து விடுதியில் இரவு தங்குவதற்கு, ‘அமெரிக்கா தி பியூட்டிஃபுல்’ என்னும் தேசியப் பூங்கா ஆண்டு அட்டை ஒன்றே போதும் என்று இணைய உரையாடலில் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார்; பலரும் அதை வழிமொழிந்திருக்கிறார்கள். நிலைமை அவ்வாறு இல்லை.

அப்பகுதி கிராண்ட் கேன்யனின் கிளைப் பள்ளத்தாக்கில் இருப்பதால் இந்தக் குழப்பம் இயல்பானதே. ஆனால் அது தேசியப் பூங்காவைச் சேர்ந்தது அன்று. ஹவாசுபாய் பழங்குடியினரின் சொந்த நிலம். 1975ஆம் ஆண்டின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா விரிவாக்கச் சட்டம், அவர்களிடமிருந்து முன்பு பறிபோன நிலத்தில் ஏறத்தாழ 1,85,000 ஏக்கரை அவர்கள் பொறுப்பில் திரும்ப ஒப்படைத்தது (தாமதமான நீதிதான்). ஆகவே அங்கு நுழைவதற்கும் தங்குவதற்கும் பழங்குடி நிர்வாகத்திடம் முன்பதிவு செய்திருக்க வேண்டும். பூங்கா அட்டையோ, பூங்காவின் முகாம் அனுமதிச் சீட்டோ அங்கு ஏற்கப்படுவதில்லை.

இதை எவரும் சரிபார்க்கலாம். கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஹவாசுபாய் பற்றிய பக்கமே இப்பகுதி தங்கள் ஆளுகைக்கு வெளியே உள்ளது என்று சொல்லிப் பழங்குடி நிர்வாகத்தை அணுகச் சொல்கிறது. பூங்காவின் எல்லை வரைபடத்திலும் இந்நிலம் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். நடைபாதை தொடங்கும் ஹுவாலபாய் ஹில்டாப், ரூட் 66 நெடுஞ்சாலையிலிருந்து ஏறக்குறைய 60 மைல் தள்ளி, கடைகளோ விடுதிகளோ இல்லாத இடத்தில் இருப்பதால், குழுவாகச் செல்பவர்கள் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.